நாலு நிமிடப் பாட்டில் வளர்ந்த உடம்பு

கதாநாயகன் சட்டையைக் கழற்றப் போகிறான் என்பது எனக்கு இரண்டு காட்சிக்கு முன்பே தெரிந்துவிடும். யாராவது அவனை அடித்துப் போட்டிருப்பார்கள், அல்லது ஒரு பெண் அவனைப் பார்த்துச் சிரித்திருப்பாள், அல்லது அப்பா செத்திருப்பார். உடனே மேளம் அதிரும். மழையில் டயரைப் புரட்டுவான், பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வான், நடுவில் ஒரு தரம் வானத்தைப் பார்த்துக் கத்துவான். பாட்டு முடியும்போது வயிறு கட்டம் கட்டமாக இருக்கும். மொத்தம் நாலு நிமிடம். தியேட்டரில் விசில் பறக்கும். எனக்கோ வயிறு எரியும். வீட்டில் இருந்தால் சேனலை மாற்றிவிடுவேன், தியேட்டரில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

படம் வெளிவந்த பிறகு அதே ஆள் டிவியில் வந்து உட்காருவார். பேட்டி எடுக்கும் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "உங்க உடம்போட ரகசியம் என்ன சார்?" என்று கேட்பாள். "கோழிக்கறி, தூக்கம், உழைப்பு, ரசிகர்களோட அன்பு" என்பார் அவர். யார் என்ன போட்டுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அடுத்த கேள்வி என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்க இத்தனை சேனலில் ஒரு ஆளுக்குமா வாய் இல்லை? அன்பில் தோள் வளருமானால் என் மாமியார் கொடுத்த அன்புக்கு என் கணவர் வாசல் நிலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

நான் சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தது முடிச்சூருக்கு. கணவர் வீட்டார் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் போட்ட நிலம் முழுக்க இப்போது வீட்டு மனை. மாமனார் இல்லை. மாமியார், கணவர், நான், மூன்று பேர்தான். நான் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வெள்ளம் வந்து வீட்டுச் சாமானையெல்லாம் நாசம் பண்ணிய பிறகு மாமியார் புது டிவியைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டச் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் படம் பார்ப்போம். கழுத்து வலிக்கிறது, கொஞ்சம் கீழே இறக்கலாம் என்றால் அவர் கேட்கமாட்டார்.

கல்யாண ஆல்பத்தில் என் கணவர் ஒல்லி. கோட்டு தோளிலிருந்து தொங்கும். அந்த ஒல்லி மனிதரைப் பிடித்துத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அவருக்குத்தான் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. கல்யாணமான மறு வருஷம் ஒரு படம் வந்தது. அதில் நோஞ்சான் கதாநாயகன் ஒரே பாட்டில் மலை மாதிரி ஆகிவிடுவான். அந்த நடிகரின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோரும் போனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் அதைத் தன் போனின் முகப்பிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஜிம்மில் சேர்ந்துவிட்டார்.

ஜிம் பீர்க்கன்கரணை ஏரிக்குப் போகிற வழியில், ஒரு டைல்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. ஒருமுறை அவரை அழைத்து வரப் போயிருக்கிறேன். படியேறியதும் ஆஞ்சநேயர் படம், அதற்கு வெற்றிலை மாலை, கற்பூர வாசனை. சுவர் முழுக்கக் கண்ணாடி. பயிற்சி கொடுக்கிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். நெற்றியில் செந்தூரம் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்க சிஸ்டர், சார் நல்லா பண்றாரு" என்றார். நான் பார்த்த எந்தப் படத்திலும் தப்பு நடக்கிற இடம் அப்படி இருந்ததில்லை. படத்தில் அதற்கென்று ஒரு பாழடைந்த கிடங்கு இருக்கும், புகை இருக்கும், ஒரு மஞ்சள் பல்பு ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் ஒரு வருஷம் இவர் படத்தில் வருகிற மாதிரியே எல்லாம் செய்தார். விடிவதற்கு முன் எழுந்தார், ஓடினார், தூக்கினார். முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மஞ்சளை என் தட்டில் தள்ளினார். "நீ துன்னும்மா, உனக்குத்தான் ஒடம்புல சத்து வோணும்" என்பார் மாமியார். உடம்பு கொஞ்சம் தேறியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மலை ஆகவில்லை. பாட்டு முடிந்து ஒரு வருஷம் ஆகியும் உடம்பு வராவிட்டால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? படம் பொய் என்றா நினைப்பான்? தன் உழைப்பு போதவில்லை என்றுதான் நினைப்பான். கண்ணாடி முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் திடீரென்று வளர்ந்தார். சட்டையெல்லாம் பிடித்தது. கழுத்து தடித்தது. தெருவில் நடந்தால் பசங்கள் "அண்ணா, செம அண்ணா" என்றார்கள். மாமியாருக்கு ஒரே பெருமை. வெள்ளிக்கிழமை தவறாமல் திருஷ்டி சுற்றிப் போட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கூடவே வேறு சிலதும் வந்தன. முதுகு முழுக்கப் பெரிய பெரிய பருக்கள், சீழ் வைத்தவை. தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஒருநாள் சார்ஜர் இருந்த இடத்தில் இல்லை என்று டிபன் பாக்ஸ் மூடியை விட்டெறிந்தார். நான் ஒரு வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் பார்த்திருக்கிறேன். அதில் உடம்பு வளர்க்க மருந்து போட்ட ஆள் சுவரை உடைப்பான், காரைப் புரட்டுவான். எங்கள் வீட்டில் உடைந்தது ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பார்த்து யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான். சூடு. "ஒடம்பெல்லாம் சூடு ஏறிக் கீது. ஷிப்டு வேலை, மிஷினு சூடு, அதான் முடி கொட்டுது, மூஞ்சில கோவம் வருது" என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். இளநீர் வாங்கி வைத்தார். சனிக்கிழமை தவறாமல் அவரை உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் தேய்த்துவிட்டார். முதுகுப் பருவுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டது நான். இத்தனை குளிர்ச்சியும் சேர்ந்து அவருக்குச் சளிதான் பிடித்தது.

இதற்கிடையில் எனக்கு வைத்தியம் ஆரம்பித்திருந்தது. குழந்தை இல்லை. கல்யாண வீடு, காதுகுத்து, கடைத்தெரு, எங்கே போனாலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்றுதான் கேட்டார்கள். ஒருவராவது அவரிடம் கேட்டதில்லை. மாமியார் கெட்டவர் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகாத கோயில் இல்லை என்பதைத் தவிர அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. அரசமரம் சுற்றினேன். நாகர் சிலைக்குப் பால் ஊற்றினேன். ஆடி மாதம் ஒரு அம்மன் கோயிலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையில் போட்ட சோற்றை வாயால் எடுத்துச் சாப்பிட்டேன். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மண்சோறு சாப்பிடுவது வழக்கம் என்றார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது என் கணவர் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கை இறுக்கமான பனியன் போட்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

மேற்குத் தாம்பரத்தில் பார்த்த லேடி டாக்டர் முதல் நாளே, "ஹஸ்பண்டுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். இவர் சிரித்தார். மாமியாரோ கோபப்பட்டார். "அவன் ஒடம்பப் பாத்தா தெர்ல? ஆம்பளைக்கு இன்னாத்துக்கு டெஸ்டு?" ஷிப்டு, ஆடிட், லீவு இல்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார் இவர். டாக்டரும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, சரி, அதுவரை உங்களைப் பார்ப்போம் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை, ஸ்கேன், பிறகு ஊசி. ஸ்கேனுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்து மத்தியானம் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுப்பேன். ஊசி போட்ட இடம் கன்றிப்போய் இருக்கும். வயிறு உப்பி, புடவை கட்ட முடியாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், குறை என்னுடையது என்று நம்பியதால்.

என் கணவருக்கு ஒரு தொந்தரவு உண்டு. சில நாள் இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்தில், கெட்டியாக ஒரு வீக்கம் இருக்கும். ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருவார். "இன்னைக்குக் காலுக்கு எக்சர்சைஸ், தசை பிடிச்சிடுச்சு" என்பார். நான் கல்லுப்பை வறுத்துத் துணியில் மூட்டையாகக் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். என் இடுப்பில் ஊசி போட்ட வலி இருக்கும்போதே கொடுத்திருக்கிறேன். ஒருமுறை இந்தப் பக்கம் வலிக்கும், ஒருமுறை அந்தப் பக்கம். கணக்கு டீச்சருக்கு அந்த முறைகூடப் புரியவில்லை பாருங்கள் என்று யாரும் சொல்லிவிடவேண்டாம். இடுப்பில் ஊசி போட்டால் வீங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிற ஆள் நான்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே படம் பார்த்துக்கொண்டிருந்தோம். சண்டைக் காட்சிக்கு முன்னால் வில்லன் ஒரு பெட்டியைத் திறக்கிறான். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ஊசி. மொட்டைத் தலை அடியாள் ஒருவன் அதை எடுத்துக் கையில் நரம்பு புடைக்கிற இடத்தில் குத்திக்கொள்கிறான். உடனே கண் சிவக்கிறது, சட்டை கிழிகிறது, சங்கிலி அறுகிறது. "கருமாந்திரம், போதை ஊசி போட்டுகினு ஆடறான் பாரு" என்றார் மாமியார்.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "லூசுப் பசங்க. இதைப் போய் நரம்புல போடுவானா? நரம்புல போட்டா ஆள் காலி. எண்ணெய் மருந்தும்மா இது. இடுப்புல, சதையில, மெதுவா ஏத்தணும். அதுவும் போட்ட உடனே ஒண்ணும் தெரியாது, வாரக்கணக்கா ஆகும்."

தயிர்ப் பச்சடிக் கிண்ணம் என் கையில் இருந்தது. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. டிவியில் அடியாள் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். நான் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். இடது பக்கமாகச் சாய்ந்திருந்தார். வலது பக்கத்துக்கு முந்தின நாள் ஒத்தடம் கொடுத்திருந்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஜிம்ல பேசிக்குவாங்க."

"பேசிக்கிட்டா இடுப்பு வீங்குமா?"

அவர் சாப்பாட்டைப் பார்த்தார். மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விடவில்லை. கத்தினேன். பக்கத்து அடுக்குமாடிக் குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். மாஸ்டர் 'கோர்ஸ்' என்பாராம். ஒரு கோர்ஸ், கொஞ்ச நாள் இடைவெளி, பிறகு இன்னொரு கோர்ஸ். எல்லோரும் போடுகிறார்களாம். இவரும் இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தற? நான் என்ன ரவுடியா? இது போதை ஊசி கிடையாது. படத்துல காட்டறது வேற, நான் போடறது வேற. இது ஹெல்த்துக்கு."

அந்தப் பதிலை நான் மறக்கவேமாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். ஊசி போடுகிறவன் என்றால் மொட்டைத் தலையன், கிடங்கில் இருப்பவன், கடைசியில் கதாநாயகனிடம் உதை வாங்கிச் சாகிறவன். இவர் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, டெட்டால் போட்டுத் துடைத்து, சுத்தமான ஊசியில் போட்டுக்கொள்கிறவர். காலையில் வேலைக்குப் போகிறவர், அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வருகிறவர். அப்படியென்றால் இவர் கதாநாயகன் பக்கம்தானே? சினிமா எங்களுக்கு ஊசியைக் காட்டாமல் இல்லை. காட்டியது. தப்பான ஆள் கையில், தப்பான இடத்தில், தப்பான நிறத்தில் காட்டியது. சரியான ஆள் கையில் முட்டையைக் கொடுத்துவிட்டது. இதைவிட எதையும் காட்டாமல் இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

மாமியாருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. "ஊசிதானே போட்டான்? நம்ம டாக்டருங்ககூடத்தான் போடறாங்க. ஊசி போட்டாத்தானே கேக்குது" என்றார். எங்கள் பக்கம் ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். நீங்கள் டெஸ்ட் எடுக்கிறவரை என் உடம்பில் இனி ஒரு ஊசி இறங்காது. மாமியார் அழுதார், அவர் முறைத்தார், நான் அசையவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் டெஸ்டுக்கு வந்தார்.

முடிவு பூஜ்யம். உயிரணு குறைவு என்றுகூட இல்லை, பூஜ்யம். டாக்டர் தாளைப் பார்த்தார், என் கணவரின் தோளைப் பார்த்தார், "ஜிம்மா?" என்று மட்டும் கேட்டார். இவர் தலையாட்டினார். "வெளியில இருந்து ஹார்மோனை ஏத்தினா, உடம்பு உள்ளே தன் வேலையை நிறுத்திடும். விதை சுருங்கும். இத்தனை நாளா இந்தப் பொண்ணுக்கு நான் ஊசி போட்டுட்டு இருக்கேன், நீங்க வெளியில உட்கார்ந்து போன் பார்த்துட்டு இருந்தீங்களே" என்றார். அவர் குரலில் என் கோபத்தில் பாதியாவது இருந்தது. நிறுத்தினால் திரும்ப வரலாம், மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷம்கூட ஆகும், வராமலும் போகலாம், நீங்களாக மருந்து தின்னாமல் இதற்கான டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி எழுதியும் கொடுத்தார்.

என் கணவர் முதல் கேள்வி கேட்டார். "நிறுத்திட்டா உடம்பு இறங்கிடுமா டாக்டர்?"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மண்சோறு சாப்பிட்டவள், வயிறு உப்பி வகுப்பெடுத்தவள், அவருக்குப் பக்கத்து நாற்காலியில். அந்த அறையில் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். டாக்டர் மேஜையில் பேப்பர் வெயிட்கூட இல்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது எனக்குக் குரோம்பேட்டையில் பார்த்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு ஜிம் ஆள் வருவான். முதலிரவு அறைக்குள் போவான், பெண் வெளியே ஓடி வருவாள். "உடம்பு மட்டும்தான்டா பெருசு" என்பான் காமெடியன். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். இவர் மட்டும் பாப்கார்னை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதே அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நான் பார்த்த படங்களிலேயே இந்த விஷயத்தைப் பற்றி உண்மை சொன்னது அந்த ஒரு இடம்தான். அதையும் சிரிப்பதற்குச் சொன்னார்கள். சிரித்தபிறகு எந்த ஆம்பளை எழுந்து டாக்டரிடம் போய், "சார், எனக்கும் அப்படித்தான்" என்று சொல்வான்?

நிறுத்தினார். ஜிம்முக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் படமும் காட்டியதில்லை. உடம்பு இறங்கியது. சட்டை மறுபடியும் தோளிலிருந்து தொங்கியது. லீவு நாளில் மத்தியானம் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. மருந்து நின்றால் சிலருக்கு மனசு இப்படி விழும் என்று புது டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கோபம் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தெருவில் பார்த்தவர்கள், "என்ன சார், சுகரா? ரொம்ப இளைச்சிட்டீங்களே" என்றார்கள். பசங்கள் அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மாமியாரிடம் யாரோ, மருமகள் பையனைப் பட்டினி போடுகிறாள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் என் தலையில்தான் வந்து விடிந்தது.

மறு டெஸ்டில் கொஞ்சம் உயிரணு தெரிந்தது. மிகக் கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. "வருது, பொறுமையா இருங்க" என்றார் டாக்டர். அன்று நான் தாம்பரம் மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டேன். கணவரும் சிரித்தார். திரும்ப லேசாக உடற்பயிற்சி செய்யட்டுமா என்று கேட்டார். டாக்டரும் செய்யலாம் என்றார். இவர் மறுபடி ஜிம்முக்குப் போனார்.

கோடையில் இன்னொரு படம் வந்தது. அதே பாட்டுதான், வேறு மழை, வேறு டயர்.

போன மாதம் கணவரின் பெரியம்மா மகள் மண்ணிவாக்கத்திலிருந்து வந்திருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தன் மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்திருந்தார். குங்குமம் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததுமே வழக்கமான கேள்வி. "இன்னாம்மா, உன் பக்கம் எதுனா விசேஷம் கீதா?" நான் வழக்கம்போலச் சிரித்தேன். "நீ வந்து அவ பக்கத்துல குந்து. உனக்கும் வளையலு போட்டு அனுப்பறேன், உடனே ஆவும் பாரு" என்றார்.

அப்போது உள்ளே அறையிலிருந்து என் கணவர் குரல் கேட்டது. "ஏய், கொஞ்சம் உப்பு ஒத்தடம் கொடுக்கறியா? தசை பிடிச்சிருக்கு."

நான் சமையலறைக்குப் போனேன். கல்லுப்பை வாணலியில் போட்டு வறுத்தேன். கை தானாகச் செய்தது. துணியில் கட்டி முடிச்சுப் போட்டேன். வெளியே வந்து அதை மாமியாரின் கையில் கொடுத்தேன்.

"நீங்க போய்க் கொடுங்க அத்தை. எந்தப் பக்கம்னு பார்த்துட்டு வாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். அண்ணி ஏதோ பேசிக்கொண்டிருந்தார், மண்டபம், சாப்பாடு, ஏழு வகைச் சாதம் என்று. உள்ளே மெல்லிய குரலில் பேச்சு கேட்டது, பிறகு நின்றுவிட்டது. மாமியார் வெளியே வந்தார். மூட்டை கையிலேயே இருந்தது.

"ரெண்டு பக்கமும் கீது" என்றார்.

"இன்னா சித்தி ரெண்டு பக்கமும்?" என்றார் அண்ணி.

மாமியார் நின்றபடியே பதில் சொன்னார். "எம் புள்ள ஊசி போட்டுக்கறான். ஒடம்பு வளக்க. கொறை அவனுக்குத்தான், இவளுக்கு ஒரு கொறையும் இல்ல. போய் எல்லார்கிட்டயும் சொல்லு. இனிமே எவளும் இவளக் கேக்கக் கூடாது."

டிவி தொடராக இருந்தால் இந்த இடத்தில் மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்து அழுதிருப்போம். மாமியார் வந்தவருக்குக் காபி போடச் சமையலறைக்குப் போனார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அவர் பனியனை இழுத்து விட்டுக்கொண்டு பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "இன்னும் ஒரே ஒரு கோர்ஸ்தான். இதை முடிச்சிட்டா நிறுத்திடுவேன், சத்தியமா" என்றார்.

"குழந்தை வேணுமா, அது வேணுமா? இப்பவே சொல்லுங்க" என்றேன்.

பீரோவில் ஆள் உயரக் கண்ணாடி உண்டு. அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார்.

இப்போது சேலையூரில் பிறந்த வீட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போய்வருகிறேன்.